சந்தை எண்களைப் படிக்க ஒரு சயான் வகுப்பு: 4,000 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

மும்பை சயான் கோலிவாடாவில், ஜிடிபி நகர் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு ஹவுசிங் சொசைட்டியின் தரைத்தள அறையில் ஞாயிறுதோறும் காலை பத்தரை முதல் ஒரு மணி வரை இந்த வகுப்பு நடக்கிறது. பாடம் இரண்டு மாதம். கட்டணம் 4,000 ரூபாய். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தால் 6,000. நடத்துகிறவர் ஒரு பொதுத்துறை வங்கியின் ட்ரெஷரியில், அதாவது வங்கி தன் பணத்தை அரசுப் பத்திரங்களில் போட்டு எடுக்கும் பிரிவில், பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் இங்கே வெறும் 'சார்'. பாடம் தமிழில்தான். நடுநடுவே பம்பாய் இந்தி வந்து விழும், அது நமக்குப் பழகினதுதானே.

கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடன்பத்திரம் பற்றிய முதல் மாதம் ஒன்றுக்கே 4,000 தகும். பங்குச் சந்தைப் பகுதி பரவாயில்லை ரகம். கடைசியில் 'சார்ட்', அதாவது விலை வரைபடம், பார்க்கும் வாரம் ஒன்று வரும், அன்று மழை பெய்தால் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

நான் தாராவியில், தோல் பைகள் தைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மாதாமாதம் ஒரு எஸ்ஐபி, அதாவது மியூச்சுவல் ஃபண்டுத் தவணை, போகிறது. அப்பா விட்டுப்போன எஃப்டி ரசீதுகள் சில இருக்கின்றன. மகள் படிப்புக்கென்று ஒரு டெட் ஃபண்டு, அதாவது கடன்பத்திரங்களில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்டு. டிரேடிங் செய்கிற ஆள் இல்லை, செய்யும் எண்ணமும் இல்லை. ஆனால் ஆபீஸில் மத்தியானம் ஓடும் டிவியில் கீழே எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும், போனில் ஒரு ஆப் பச்சையும் சிவப்புமாக முள் வைத்து 'இன்று சந்தை பயத்தில் இருக்கிறது' என்று சொல்லும். இவற்றில் எது என் காசைத் தொடுகிற எண், எது என் ரத்த அழுத்தத்தை மட்டும் ஏற்றுகிற எண் என்று யாராவது பிரித்துச் சொன்னால் போதும் என்றுதான் சேர்ந்தேன். அந்த ஆப் கேட்ட வருடச் சந்தா இந்த வகுப்புக் கட்டணத்தைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெரும்பாலான வகுப்புகள் சென்செக்ஸில் ஆரம்பிக்கும். சார் ஆரம்பித்தது பத்து வருஷ அரசுப் பத்திரத்தில். போர்டில் '6.33% ஜிஎஸ் 2035' என்று எழுதிவிட்டு, இது என்ன என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. 2025 மே மாதம் மத்திய அரசு ஏலத்தில் விட்ட பத்திரம் இது. முகமதிப்பு 100 ரூபாய்க்கு வருடம் 6 ரூபாய் 33 காசு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதிப் பாதியாக வட்டி; 2035-இல் அசல் திரும்பும். வட்டித் தொகை மாறவே மாறாது. மாறுவது அந்தப் பத்திரத்தை இன்று கைமாற்றிக்கொள்ளும் விலை. யாராவது 98 ரூபாய்க்கு வாங்கினால் அதே 6.33 வரும், கடைசியில் 100 வரும், அதனால் அவர் கையில் நிற்கும் வருமானம் 6.33-க்கு மேல். 102 கொடுத்து வாங்கினவருக்கு அதற்குக் கீழ். அந்த வருமான விகிதம்தான் யீல்டு. விலை இறங்கினால் யீல்டு ஏறும், விலை ஏறினால் யீல்டு இறங்கும்.

இதை எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன், மண்டையில் ஏறியதில்லை. ஏற்றிவிட்டது சார்கூட இல்லை, எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி. தாராவியில் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, விடியும்முன் சைக்கிளில் ஆட்களை அனுப்பும் வீடுகளில் ஒன்று அவருடையது. அன்று 91 நாள் டிரெஷரி பில் பற்றிப் பேச்சு. வட்டி என்று தனியாக ஒன்றும் கிடையாது. தள்ளுபடியில் வாங்கி, 91-ஆம் நாள் முழு 100 ரூபாய் வாங்கிக்கொள்ள வேண்டியது. 98 ரூபாய் 60 காசுக்கு வாங்கினால் 1 ரூபாய் 40 காசு லாபம், வருடக் கணக்குக்கு அது சுமார் 5.7 சதவீதம். சார் கணக்கை முடிக்குமுன் அண்ணாச்சி குறுக்கே வந்தார்.

"சார், இது ஏலச் சீட்டுல்லா? பணமுடை இருக்கவன் தள்ளி எடுப்பான். ஊர்ல நெறய பேருக்கு முடைன்னா தள்ளு கூடும். தள்ளு எவ்வளவு போகுதுன்னு பாத்தாலே ஊர்ல பணம் இறுக்கமா, தாராளமான்னு தெரிஞ்சிரும்."

"அதேதான் அண்ணாச்சி. ஒரு வித்தியாசம், இங்க சீட்டு எடுக்கிறது அரசாங்கம். எடுத்துட்டு ராவோட ராவா ஊரைக் காலி பண்ணாது."

வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு யாருக்கும் யீல்டு பற்றிச் சந்தேகம் வரவில்லை. புதன்கிழமை டிரெஷரி பில் ஏலம், வெள்ளிக்கிழமை நீண்டகாலப் பத்திர ஏலம், முடிவை ரிசர்வ் வங்கி அன்றே வெளியிடும் என்று சார் சொன்னதும் அண்ணாச்சி அதை அட்டைப் பெட்டிக் கிழிசலில் குறித்துக்கொண்டார்.

டெட் ஃபண்டு வைத்திருக்கிறவர்களுக்கு அடுத்த வாரம் இன்னும் முக்கியம். பத்திரம் எத்தனை நீளமோ அத்தனை ஆட்டம் என்பதைச் சார் ஒரே கணக்கில் காட்டினார். யீல்டு ஒரு சதவீதம் மாறினால் விலை சுமார் எத்தனை சதவீதம் மாறும் என்று சொல்லும் எண் 'டியூரேஷன்'; பத்து வருஷப் பத்திரத்துக்கு அது ஏழுக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். யீல்டு கால் சதவீதம், அதாவது 25 பேசிஸ் பாயின்ட் ஏறினால், 100 ரூபாய்ப் பத்திரத்தின் விலை சுமார் 1 ரூபாய் 80 காசு இறங்கும். டியூரேஷன் ஒரு வருஷத்துக்குக் குறைவான ஃபண்டில் அதே ஏற்றம் 25 காசைக்கூடத் தொடாது. ஃபண்டு கம்பெனிகள் மாதாமாதம் போடும் ஃபேக்ட்ஷீட்டில் 'மாடிஃபைடு டியூரேஷன்' என்று ஒரு வரி இருக்கும். அங்கேயே எல்லாரையும் போனில் அவரவர் ஃபண்டின் ஃபேக்ட்ஷீட்டை எடுக்கச் சொல்லி அந்த வரியைத் தேட வைத்தார். என் பக்கத்தில் இருந்த நர்ஸ் அக்கா, 'சேஃப்' என்று சொல்லி விற்கப்பட்ட தன் ஃபண்டில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. ஒன்பதுக்கு மேல் இருந்தது.

ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, குறைந்தால் எல்லா வட்டியும் குறையும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அதற்குச் சார் எடுத்துக்கொண்டது 2025. அந்த வருடம் பிப்ரவரியில் ரெப்போ 6.50-லிருந்து 6.25, ஏப்ரலில் 6.00, ஜூன் 6-ஆம் தேதி ஒரே வெட்டில் 5.50. சந்தை எதிர்பார்த்ததைவிடப் பெரிய வெட்டு. வங்கிகள் எஃப்டி வட்டியைக் குறைக்க ஆரம்பித்தன. பத்து வருஷ யீல்டும் கூடவே இறங்கியிருக்க வேண்டுமே? ஜூன் தொடக்கத்தில் 6.2-ஐ ஒட்டி இருந்தது ஆகஸ்ட் கடைசியில் 6.6-ஐ ஒட்டி ஏறிவிட்டது. காரணம் அதே ஜூன் அறிக்கையிலேயே இருந்தது. வட்டியைக் குறைத்த கையோடு, ரிசர்வ் வங்கி தன் நிலைப்பாட்டை 'தளர்வு' என்பதிலிருந்து 'நடுநிலை'க்கு மாற்றியது. 'இனி குறைக்க அதிகம் இடமில்லை' என்று சந்தை அதைப் படித்துக்கொண்டது. ஆகஸ்டில் ஜிஎஸ்டி குறைப்பு அறிவிப்பு வந்ததும், அரசுக்கு வருமானம் குறையுமோ, கூடுதலாகக் கடன் வாங்குமோ என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. ரெப்போ ஒரே இரவுக்கான வட்டி; பத்து வருஷ யீல்டு, வரப்போகும் பத்து வருஷத்தைப் பற்றி ஆயிரம் பேர் பணத்தைக் கட்டிச் சொல்லும் கருத்து. 'வட்டி குறையுது, லாங் டியூரேஷன் ஃபண்டுல போடுங்க' என்று அந்த ஜூனில் வாட்ஸப்பில் வந்த அத்தனை செய்திகளையும் நினைத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

2022 மே 4-ஆம் தேதியையும் சொன்னார். எல்ஐசி பங்கு வெளியீடு திறந்த நாள். மதியம் இரண்டு மணிக்கு, முன்னறிவிப்பே இல்லாமல், அப்போதைய கவர்னர் சக்திகாந்த தாஸ் திரையில் வந்து ரெப்போவை 4.00-லிருந்து 4.40 ஆக்கினார். பத்து வருஷ யீல்டு ஒரே நாளில் கால் சதவீதத்துக்கு மேல் ஏறியது, சென்செக்ஸ் 1,300 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. இந்தக் கதையைச் சார் சொல்லும்போது குரலே மாறிவிடுகிறது, நேரில் பார்த்தவர் என்பது தெரிகிறது. ஒரே செய்தி இரண்டு சந்தையையும் ஒரே மணியில் எப்படி ஆட்டுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

அப்புறம் ஒரு கசப்பான அரை மணி நேரம்: கம்பெனிப் பத்திரங்கள். அரசுப் பத்திரத்தைவிட ஒரு கம்பெனி எவ்வளவு கூடுதல் வட்டி தருகிறதோ அதுதான் 'ஸ்ப்ரெட்'. அந்தக் கூடுதல், கம்பெனி திருப்பித் தராமல் போகும் அபாயத்துக்கும், அவசரத்துக்கு விற்க ஆள் கிடைக்காத சங்கடத்துக்கும் சந்தை போடும் விலை. அரசுப் பத்திரம் 6.5 தரும்போது யாரோ 11 தருகிறேன் என்றால், மீதி நாலரை எதற்கு என்று கேட்க வேண்டும். ரேட்டிங்கை மட்டும் நம்பாதீர்கள் என்பதற்கு ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனத்தைக் காட்டினார்: 2018 ஆகஸ்டு தொடங்கும்போது ட்ரிபிள் ஏ, அதாவது உச்ச ரேட்டிங், செப்டம்பர் முடிவதற்குள் 'டி', அதாவது கடனைக் கட்டவில்லை. இரண்டே மாதம். சயான் சர்க்கிளில் பேனர் கட்டி 'மாதம் 2% உறுதி' என்று வாங்கும் ஆட்களைப் பற்றிச் சார் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். எங்கள் பக்கத்து மக்களுக்கு ஐஎல் அண்ட் எஃப்எஸ்ஸைவிட அவர்களால்தான் ஆபத்து.

முதல் மாதக் கடைசியில் ரீடெய்ல் டைரக்ட் பற்றி ஒரு செயல்முறைப் பாடம் உண்டு. 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி ஆரம்பித்த திட்டம். நம்மைப் போன்றவர்கள் நேரடியாக அரசுப் பத்திரக் கணக்கு வைத்துக்கொள்ளலாம், கணக்குக்குக் கட்டணம் இல்லை, குறைந்தது 10,000 ரூபாய் இருந்தால் ஏலத்தில் கேட்கலாம். விலையை நாம் சொல்ல வேண்டியதில்லை, ஏலத்தில் பெரிய ஆட்கள் முடிவு செய்யும் விலை நமக்கும். 2024 மே மாதம் போன் ஆப்பும் வந்துவிட்டது. வாங்குவது சுலபம், இடையில் விற்க வேண்டுமென்றால் கேட்கிற விலைக்கு ஆள் வருமா என்பது வேறு விஷயம், முதிர்வு வரை வைத்திருக்க முடிகிற பணத்தை மட்டும் போடுங்கள் என்று சார் இரண்டு தடவை சொன்னார். அண்ணாச்சி மகனிடம் சொல்லிக் கணக்குத் திறந்து 364 நாள் பில் வாங்கியிருக்கிறார். அதை அடுத்த வாரம் வகுப்பில் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பங்குப் பகுதிக்கு வருகிறேன். இங்கே சாருக்கு அந்தக் குரல் இல்லை, புத்தகம் பார்த்துச் சொல்வது போல இருக்கிறது. ஆனாலும் சில விஷயங்கள் உருப்படியானவை.

முதலாவது, புள்ளியைப் பார்க்காதே, சதவீதத்தைப் பார். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 3,935 புள்ளி விழுந்தது, அது 13 சதவீதத்துக்கு மேல். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாளில் 4,389 புள்ளி, அது 5.7 சதவீதம். டிவிக்காரன் இரண்டாவதைத்தான் பெரிய எழுத்தில் போடுவான். 1978-79-ஐ 100 என்று வைத்துக்கொண்டு எண்ணும் ஒரு குறியீடு, பல்லாயிரத்தில் நிற்கும்போது ஆயிரம் புள்ளி என்பது ஒன்றுமில்லை.

இரண்டாவது, பிஇ, அதாவது பங்கின் விலை அதன் ஒரு வருட லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற எண். இதைச் சார் நன்றாகவே செய்தார். நிஃப்டியின் பிஇ 22 என்றால், 100 ரூபாய் பங்குக்குப் பின்னால் சுமார் நாலரை ரூபாய் லாபம் இருக்கிறது. அதே நாளில் பத்து வருஷப் பத்திரம் 6.5 தருகிறது. பங்கு ஏன் வாங்க வேண்டும்? கம்பெனியின் லாபம் வளரும், பத்திரத்தின் வட்டி வளராது, அந்த வளர்ச்சிக்குத்தான் இந்த வித்தியாசத்தைக் கொடுக்கிறோம். வளர்ச்சி வராது என்று தோன்றும் நாளில் அந்த இடைவெளி உறுத்த ஆரம்பிக்கும். பத்திர யீல்டு ஏறும்போது பங்குகள் ஏன் முகம் சுளிக்கின்றன என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. முதல் மாதப் பாடம் இல்லாமல் இதைப் புரிந்துகொண்டிருக்கவே முடியாது.

அதோடு ஒரு பொறியையும் காட்டிக்கொடுத்தார். 2021 மார்ச் கடைசியில் என்எஸ்இ (நிஃப்டியை நடத்தும் தேசியப் பங்குச் சந்தை), பிஇ கணக்கிடும் முறையை மாற்றியது. அதுவரை தாய்க் கம்பெனியின் லாபம் மட்டும் கணக்கு. அதற்குப் பிறகு துணைக் கம்பெனிகளையும் சேர்த்த லாபம். 40-க்கு மேல் நின்ற நிஃப்டி பிஇ ஒரே நாளில் 33 அளவுக்கு வந்துவிட்டது, சந்தை அன்று பெரிதாக அசையவில்லை. எனவே 'பத்து வருட சராசரி பிஇ இவ்வளவு, இன்று அதைவிடக் குறைவு, வாங்குங்கள்' என்று யாராவது படம் போட்டால், 2021-க்கு முன்னாலும் பின்னாலும் ஒரே கோட்டில் இழுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நான் பார்த்த பல படங்கள் அப்படித்தான் இருக்கின்றன.

மூன்றாவது, இந்தியா விக்ஸ். அடுத்த முப்பது நாளில் நிஃப்டி எவ்வளவு ஆடும் என்று ஆப்ஷன் (பின்னால் ஒரு நாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விலைகளிலிருந்து கணக்கிடும் எண், வருடக் கணக்கில் சொல்லப்படுவது. மாதக் கணக்குக்கு 12-இன் வர்க்கமூலமான 3.46-ஆல் வகுக்க வேண்டும். விக்ஸ் 14 என்றால் மாதத்துக்குச் சுமார் 4 சதவீதம். நிஃப்டி 24,000-இல் இருந்தால் மேலோ கீழோ ஒரு 960, 970 புள்ளிக்குள் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று ஆப்ஷன் சந்தை நினைக்கிறது. எந்தப் பக்கம் என்று அது சொல்லாது. 2020 மார்ச்சில் விக்ஸ் 80-ஐத் தாண்டிய அதே வாரத்தில்தான் நிஃப்டியும் அந்தச் சரிவின் அடிமட்டத்தைத் தொட்டது. விக்ஸைப் பார்த்துப் பயந்து விற்றவர் அடியில் விற்றார். என் ஆப்பில் இருந்த பய முள்ளுக்குள் இந்த விக்ஸும் ஒரு பங்கு என்று பிறகு தெரிந்தது. அந்தச் சந்தாவை நான் புதுப்பிக்கவில்லை.

எஃப்ஐஐ விற்பனை எண்ணைத் தினமும் பார்த்துக் கலங்குகிறவர்களுக்கு 2024 அக்டோபர் ஒன்றே போதும். அந்த மாதம் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 90,000 கோடிக்கு மேல் பங்குகளை விற்றார்கள். அதே மாதம்தான் நம் ஆட்களின் எஸ்ஐபி வரவு முதல்முறையாக 25,000 கோடியைத் தாண்டியது. நிஃப்டி சுமார் 6 சதவீதம் இறங்கியது உண்மை, ஆனால் அத்தனை பெரிய விற்பனைக்கு முந்தைய காலமாக இருந்தால் கதை வேறு. யார் விற்றார் என்பதோடு யார் வாங்கினார் என்பதையும் சேர்த்துப் படிக்காவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

குறைகளுக்கு வருவோம். சார்ட் வாரம் வீண். ஆர்எஸ்ஐ (விலை ஏறி இறங்கும் வேகத்தை 0 முதல் 100-க்குள் காட்டும் எண்) 70-க்கு மேல் போனால் 'அதிகம் வாங்கப்பட்டது', 30-க்குக் கீழ் 'அதிகம் விற்கப்பட்டது', 200 நாள் சராசரிக்கு மேலே இருந்தால் நல்லது என்று ஒப்பித்துவிட்டுப் போனார். எஸ்ஐபி போடுகிற என்னைப் போன்றவர்களுக்கு இது எதற்கு என்று கேட்டேன், 'சிலபஸில் இருக்கணும்னு கேக்கறாங்க' என்றார். நேர்மையான பதில்தான், அதற்காக இரண்டரை மணி நேரமா? அந்த நேரத்தில் டிஆர்ஐ பற்றி விரிவாகச் சொல்லியிருக்கலாம். டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு அது. 2018 பிப்ரவரியிலிருந்து மியூச்சுவல் ஃபண்டுகள் தங்களை அதோடுதான் ஒப்பிட வேண்டும் என்று சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதித்திருக்கிறது. 'என் ஃபண்டு நிஃப்டியை ஜெயித்ததா' என்று பார்க்க அதுதான் சரியான அளவுகோல். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்.

ஒரு ஞாயிறு, இன்சூரன்ஸ் முகவர் ஒருவரைக் கூட்டிவந்து பேச விட்டார். தெரிந்தவராம். பத்து நிமிடம் என்று ஆரம்பித்து அரை மணி ஆனது. யீல்டு என்றால் என்னவென்று கற்றுக்கொண்ட கூட்டத்திடம் வந்து அந்த மனிதர் 'கியாரண்டீட் இன்கம்' திட்டத்தை விற்றது அவருடைய கெட்ட நேரம். அண்ணாச்சி போனில் கால்குலேட்டரை எடுத்து, கட்டுவது இவ்வளவு, இருபது வருடத்தில் வருவது இவ்வளவு என்று கேட்டுக்கேட்டு வருமானத்தை ஐந்தரை சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். முகவர் விசிட்டிங் கார்டு கொடுக்காமலே போனார். இருந்தாலும் காசு வாங்கி நடத்தும் வகுப்பில் விற்பனைப் பேச்சு கூடாது, இதைச் சாரிடமும் சொல்லிவிட்டேன்.

திரையில் காட்டும் பங்கு விலைகள் எல்லாம் பழசு என்று சிலர் குறைப்பட்டார்கள். இது குறை இல்லை. கல்வி மட்டும் தருகிறவர் கடந்த மூன்று மாத விலையை வைத்துப் பங்குகளைப் பற்றிப் பேசக் கூடாது என்று செபி 2025 ஜனவரியில் சுற்றறிக்கை விட்டது, சார் அதை அப்படியே கடைப்பிடிக்கிறார். 'சார், இப்ப எதை வாங்கலாம்' என்று கேட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இன்றைய எண் வேண்டுமா, அவரவர் போனில் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு இது பிடித்திருந்தது. நேற்றைய விலையைக் காட்டிப் பாடம் நடத்துகிறவர் பெரும்பாலும் நாளைய விலையை விற்க வந்தவர்.

கொடுக்கிற பொருள் என்று பார்த்தால் ஒரு ஜெராக்ஸ் கட்டு, ஒரு லேமினேட் அட்டை. கட்டில் பாதிப் பக்கங்கள் மங்கல், படங்களில் கோடுகள் தெரியவே இல்லை. அட்டைதான் சொத்து. ஒரு பக்கம் தினமும் பார்க்க வேண்டியது என்று ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறது! வாரம் ஒருமுறை பத்து வருஷ யீல்டும் 91 நாள் பில் யீல்டும், இரண்டும் ரிசர்வ் வங்கி தளத்தில். மாதம் ஒருமுறை 12-ஆம் தேதி வாக்கில் வரும் சில்லறைப் பணவீக்கம், இலக்கு 4 சதவீதம், 2-க்கும் 6-க்கும் இடையில் இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நிதிக் கொள்கைக் குழு முடிவு, காலை 10 மணிக்கு. எண்ணைவிட நிலைப்பாட்டு வரியைப் படி என்று அடிக்கோடு. நிஃப்டி பிஇ மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலாண்டு முடிவுகள் வந்த பிறகு. விக்ஸ், எஃப்ஐஐ எல்லாம் பின்பக்கம், 'ஆர்வம் இருந்தால்' என்ற தலைப்பில். எழுத்து பொடிசு, ஐம்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடியோடும் தடுமாறினார்கள்.

அமெரிக்க யீல்டு வளைவு பற்றியும் பின்பக்கத்தில் ஒரு வரி உண்டு. இரண்டு வருஷ யீல்டு பத்து வருஷத்தைவிட மேலே போனால் மந்தம் வரும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அங்கே 2022 ஜூலையிலிருந்து 2024 ஆகஸ்டு கடைசி வரை அப்படித்தான் தலைகீழாகக் கிடந்தது, எல்லாரும் எதிர்பார்த்த மந்தம் அந்த இரண்டு வருடத்தில் வரவில்லை. அதற்கு எதிரே சார் பேனாவால் 'பார், நம்பாதே' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

யார் போகலாம்? எஃப்டி, டெட் ஃபண்டு, எஸ்ஐபி என்று சேர்த்து வைத்துக்கொண்டு, எது ஏன் ஏறுகிறது இறங்குகிறது என்று தெரியாமல் இருக்கிறவர்கள். ஓய்வு பெறப் போகிறவர்கள் கட்டாயம் போகலாம், அவர்கள் பணத்தில் பெரும்பகுதி வட்டிச் சந்தையில்தான் கிடக்கப் போகிறது. ஆப்ஷன் விளையாட்டுக்கு வழி தேடும் தம்பிகள் போக வேண்டாம். எங்கள் குழுவில் அப்படி இரண்டு பேர் வந்து, டியூரேஷன் வாரத்தோடு காணாமல் போனார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். சார் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று கேள்வி. கணக்கென்றால் கை நடுங்குகிறவர்கள் பயப்பட வேண்டாம். வகுத்தலும் சதவீதமும் தெரிந்தால் போதும், அதுவும் போனிலேயே இருக்கிறது.

மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்கடைகளை ஒட்டிய சுவரிலும் கோலிவாடாவில் மாவு மில் வாசலிலும் அடுத்த குழுவுக்கான தாள் ஒட்டுவார்கள், சாரின் போன் நம்பர் அதில் இருக்கும். முதல் வகுப்பு இலவசம், பிடித்தால் மட்டும் பணம். ஒரே ஒரு ஃபேன்தான் ஒழுங்காக ஓடுகிறது, வலது பக்கம் இரண்டாவது வரிசைக்கு மேலே. பத்து மணிக்கே போய்விடுங்கள். லோக்கலில் வருகிறவர்கள், ஹார்பர் லைனில் மெகா பிளாக் (பராமரிப்புக்காக ரயிலை நிறுத்துவது) இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.